கிழட்டுச் சிப்பாயை நாயகனாக்குவது எப்படி? மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மிகுபுனைவுக் கதை, அதாவது மந்திரமும் வாளும் வருகிற ஃபேன்டசி கதை என்றாலே நாயகன் பதினேழு வயதுப் பையன்தான். அவனுக்கு முதுகில் ஒரு மச்சம் இருக்கும், அப்பா யாரென்று தெரியாது, ஊர் எரியும், வாள் கிடைக்கும். நடுவில் ஒரு கிழவர் வருவார், முன்னாள் படைவீரர், பையனுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார், கதை பாதியைத் தொடும் முன்னே செத்துப்போவார். நமக்கு வேண்டியது அந்தக் கிழவர். அவரைச் சாகவிடாமல், பையனைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கதையை அவர் தோளில் ஏற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எழுத உட்காரும் முன்னே ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையிலிருந்து கிழவரை எடுத்துவிட்டு அதே இடத்தில் இருபத்தைந்து வயதில் வாட்டசாட்டமான ஒருவனை நிறுத்திப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் உங்கள் ஆளின் நரைமுடி வெறும் ஒப்பனை, அவ்வளவுதான். இவருக்கு இந்த வயது இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது என்ற நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கீழே வரும் எல்லாப் படியும் அதற்காகத்தான்.

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிற நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே 1967ல் கட்டாய தேசிய சேவை வந்தது, முதல் தொகுதியில் போனவர்கள் 1949ல் பிறந்தவர்கள், அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு இங்கே பிறந்து வளர்ந்த ஆண்கள் அநேகமாக எல்லாருமே சீருடை போட்டவர்கள்தான். மின்தூக்கியில் உங்களோடு ஏறுகிற மாமாவும் தேக்கா மார்க்கெட்டில் நெத்திலி விலை கேட்கிற தாத்தாவும் ஒரு காலத்தில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டியவர்களாக இருக்கலாம். பார்த்து எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

முதல் படி: வாளைக் கொடுக்கும் முன் வேலையைக் கொடுங்கள்

"அவர் ஒரு மாவீரர்" என்று தொடங்கினால் அங்கேயே கதை சறுக்கிவிடும். படையில் அவர் என்ன வேலை பார்த்தார்? படை என்பது சண்டை போடுகிறவர்கள் மட்டுமா? சோறு ஆக்குகிறவன், குதிரைக்கு லாடம் அடிக்கிறவன், முரசு கொட்டுகிறவன், படகு ஓட்டுகிறவன், கால் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறவன், கிடங்குச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவன் எல்லாரும் படைதான். இதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் உங்கள் ஆளுக்கு உடனே உடம்பும் குணமும் வந்துவிடும், மாவீரன் என்று வைத்தால் சிலைதான் வரும்.

இங்கே ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 'என்சிக்' என்றால் யாரென்று தெரியும். வாரண்ட் ஆபீசர். பதவிப்படி பார்த்தால் நேற்று வந்த இளம் லெப்டினன்ட் அவருக்கு மேலே. ஆனால் முகாமில் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எந்த வண்டி மழையில் ஸ்டார்ட் ஆகாது, எந்தப் பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் என்சிக்குக்குத்தான் தெரியும். ஒரு கத்து கத்தினால் மைதானம் அடங்கும், அப்புறம் யாருக்கும் தெரியாமல் அதே பையனுக்கு வீட்டுக்குப் போக வழியும் பண்ணிக்கொடுப்பார். உங்கள் கிழட்டு நாயகனுக்கு இதைவிட நல்ல அச்சு கிடைக்காது என்பது என் கட்சி. ஓய்வுபெற்ற தளபதி, முடியிழந்த அரசன் எல்லாம் எழுதி எழுதித் தேய்ந்துபோன ஆட்கள்.

விளக்கத்துக்காக ஓர் ஆளை உருவாக்குவோம். பெயர் காரி. வயது அறுபத்து மூன்று. கடல் நீரிணையைக் காக்கும் உப்புக்கோட்டை என்ற கற்பனை ஊரில் முப்பது வருடம் கிடங்கு பார்த்தவர். ஈட்டி எத்தனை, எண்ணெய் எத்தனை குடம், எந்த மூட்டையில் புழு என்பதுதான் அவருடைய வாழ்க்கை. மூன்று சண்டைகளில் நின்றிருக்கிறார், மூன்றிலும் பின்வரிசையில். இப்போது துறைமுகத்தில் ஒரு வணிகரின் பண்டகசாலைக்கு இரவுக் காவல். ஆமாம், நம் கொண்டோ வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதிக்கொள்கிற மாமாவைப் பார்த்துத்தான் அவரைச் செய்தேன், உங்களுக்கும் யாராவது நினைவுக்கு வருவார்கள்.

அடுத்து: வயதைக் கணக்குப் போடுங்கள்

"வயதானவர்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஐம்பத்தெட்டும் எழுபத்தொன்றும் ஒரே வயதா? ஒரு தாளை எடுத்து எந்த வயதில் படையில் சேர்ந்தார், எந்தப் போரில் எத்தனை வயது, எப்போது கல்யாணம், எப்போது விலகினார், விலகியதிலிருந்து கதை தொடங்குகிற நாள் வரை என்ன செய்தார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். போர் முடிந்து இருபது வருடம் அந்த மனிதர் எதையோ சாப்பிட்டு எங்கேயோ தூங்கியிருக்கிறார் அல்லவா? அந்த இருபது வருடத்தில் கதை இருக்கிறது.

இங்கே சாதாரணத் தேசிய சேவையாளருக்கு நாற்பது வயதோடும் அதிகாரிகளுக்கு ஐம்பதோடும் கடமை முடிகிறது. முழுநேர சேவை முடிந்த பிறகும் அதற்குள் பல வருடம் ரிசர்விஸ்ட் அழைப்பு, அதாவது மறுபயிற்சிக்கான அழைப்பு, வரும், அலுவலகத்தில் மேலாளராக இருப்பவர் பச்சைச் சட்டை போட்டதும் பழைய பட்டப்பெயருக்குத் திரும்பிவிடுவார், தொப்பை மட்டும் புதிது. பிறகு ஒருநாள் அழைப்பு நின்றுவிடும். அன்று அவருக்கு நிம்மதியா, என்னமோ போல இருந்ததா என்று தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பதில் உங்கள் கதைக்கு உதவும். காவல்துறையின் கூர்க்கா படையினர் இன்னொரு வகை: 1949லிருந்து இந்த ஊரைக் காக்கிறார்கள், ஓய்வு பெற்றதும் நேப்பாளத்துக்குத் திரும்ப வேண்டும். வாழ்நாளின் நடுப்பகுதி முழுக்க ஓர் ஊரைக் காத்துவிட்டு அந்த ஊரை விட்டுப் போகிற ஒருவரை உங்கள் கற்பனை நாட்டில் வைத்துப் பாருங்கள்.

உடம்பு: இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்

பாரதப் போரில் பகதத்தன் என்று ஒரு கிழட்டு அரசன் வருவான், யானைப் போரில் பெரிய ஆள். மூப்பில் கண்ணிமை தொங்கிப் பார்வையை மறைக்கும் என்பதால் அதைப் பட்டுத்துணியால் தூக்கி நெற்றியோடு கட்டியிருந்தானாம். கண்ணன் சொல்லிக்கொடுக்க, அர்ஜுனன் அந்தக் கட்டை அறுத்தான், இமை விழுந்தது, பகதத்தனுக்கு உலகம் இருண்டது, அப்புறம்தான் அவனைக் கொல்ல முடிந்தது என்று கதை சொல்வார்கள். கிழட்டு வீரனைப் பற்றி நான் கேட்டதிலேயே இதுதான் சிறந்த விவரம். வயது அவனுக்கு ஒரு தொல்லையைக் கொடுத்தது, அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான், எதிரி அந்த வழியையே குறிவைத்தான். உங்கள் ஆளின் உடம்பில் இப்படி ஒன்றாவது வேண்டும். "முழங்கால் வலித்தது" என்று நாலு இடத்தில் எழுதிவிட்டு, சண்டை வந்ததும் அந்த முழங்காலை மறந்துவிட்டு ஆளைச் சுவரேறிக் குதிக்கவைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். நாற்பதுகளின் நடுவிலிருந்து கிட்டப் பார்வை மங்கும், தூரப் பார்வை பலருக்கு நன்றாகவே இருக்கும். ஆகவே உங்கள் கிழட்டு வில்லாளிக்கு நானூறு அடி தள்ளி நிற்கிற காவலன் தெரிவான், தன் கையில் இருக்கும் நாணின் முடிச்சு தெரியாது. கண்ணாடி இல்லாத உலகம் என்றால் முடிச்சை விரல்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பொடியன் வேண்டும். பார்த்தீர்களா, துணைக்கு ஆள் வந்துவிட்டது, அதுவும் காரணத்தோடு. கண்புரை இருந்தால் பந்த வெளிச்சம் எதிரே வரும்போது எல்லாம் கூசும்.

காது கூர்மையான சத்தங்களை முதலில் இழக்கும். பூச்சி ரீங்காரமும் சின்னப் பெண்ணின் கிசுகிசுப்பும் போய்விடும், முரசும் யானை நடையும் இருக்கும். தூக்கம் குறையும், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழவேண்டி வரும். இதைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். பாளையத்தில் எல்லாரும் தூங்கும்போது விழித்திருக்கிற ஒரே ஆள் யார்? ராத்திரி மூன்று மணிக்கு மரத்தடியில் நிற்கிற கிழவர்தான் தண்ணீரில் துடுப்பு விழுவதை முதலில் பார்ப்பார்.

தசையில் சட்டென்று வெடித்துப் பாயும் வேகம் முதலில் குறையும், பொறுமையாக நீண்ட நேரம் செய்கிற வேலைக்கான வலு அதைவிட மெதுவாகக் குறையும். இந்த ஒரு செய்தியை வைத்தே உங்கள் சண்டைக் காட்சி மொத்தத்தையும் மாற்றலாம். ஒரு போர்வாளின் எடை ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோதான், தூக்குவது கஷ்டமில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் சங்கிலிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு, அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு முன் மூச்சு திரும்புவதுதான் கஷ்டம். இருபது வயதுக்காரனுக்கு மூச்சு இரண்டு நிமிடத்தில் திரும்பும். காரிக்குத் திரும்பாது. அதனால் அவருக்கு ஒரு சண்டைக்கு ஓர் அடிதான், அது எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் வெயில். நாம் எழுதுகிற கற்பனை நாடு ஏன் எப்போதும் பனிமலையாக இருக்க வேண்டும்? மழையும் புழுக்கமும் சதுப்பும் உள்ள நாடாக வையுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், உடம்புக்குத் தண்ணீர் வேண்டும் ஆனால் நாக்கு கேட்காது. தேசிய சேவை செய்தவர்களுக்கு 'வாட்டர் பரேட்' நினைவிருக்கும், எல்லாரும் வரிசையில் நின்று, தாகம் இருக்கிறதோ இல்லையோ, புட்டியைத் திறந்து கட்டளைப்படி குடித்தாக வேண்டும். பதினெட்டு வயதில் அது எரிச்சல். உங்கள் காரி தன் சின்னக் கூட்டத்தை ஒவ்வொரு நாழிகையும் நிறுத்தி, இளசுகள் முணுமுணுக்க, தானும் கணக்குவைத்துக் குடிக்கிறார் என்று எழுதுங்கள். மூன்றாம் நாள் எதிரிப் படையில் பாதிப்பேர் சுருண்டு விழ, இவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வாளே எடுக்காமல் ஒரு வெற்றி, அதுவும் அவர் வயதும் வேலையும் சேர்ந்து கொடுத்தது.

மறதியையும் சேருங்கள், ஆனால் பரிதாபத்துக்காகச் சேர்க்காதீர்கள். 1217ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரச் சண்டையில் வில்லியம் மார்ஷல் என்ற வீரர் எழுபது வயதை ஒட்டிய நிலையில் குதிரையேறிப் பாய்ந்தார், ஆர்வத்தில் தலைக்கவசம் போட மறந்துவிட்டாராம், பணியாள் பையன் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டு போனார், வென்றார். இதை எழுதும்போது சிரிப்பும் வரவேண்டும், வயிற்றில் லேசான பயமும் வரவேண்டும்.

மந்திரத்தின் சட்டத்தில் வயதை நுழையுங்கள்

மிகுபுனைவில் நமக்குள்ள பெரிய வசதி இது, யதார்த்தக் கதைக்காரர்களுக்குக் கிடையாது. உலகத்தின் விதியையே நாம்தான் எழுதுகிறோம். அப்படியிருக்க, எந்த வயதுக்காரனும் செய்யக்கூடிய மந்திரத்தை எதற்கு எழுத வேண்டும்?

உப்புக்கோட்டைக்குக் கடலிலிருந்து ஒரு பேய் வருகிறது என்று வைப்போம். அது மனிதரின் மிச்சமுள்ள ஆயுளை மோப்பம் பிடித்து வரும். ஐம்பது வருடம் பாக்கி வைத்திருக்கிற இளைஞனை மூன்று தெரு தள்ளியே கண்டுபிடித்துவிடும், குழந்தைகளை இன்னும் தூரத்திலிருந்து. கோட்டையின் சிறந்த வீரர்கள் எல்லாரும் முதல் இரவிலேயே போய்விட்டார்கள். பண்டகசாலை வாசலில் நின்ற காரியை மட்டும் அது கவனிக்கவே இல்லை, தூணைக் கடப்பதுபோலக் கடந்து போனது. அந்த இடத்தில் காரிக்கு இரண்டு விஷயம் புரிகிறது. இதன் பக்கத்தில் போகக்கூடிய ஆள் தன்னைப்போன்ற கிழங்கட்டைகள் மட்டுமே என்பது ஒன்று. தனக்குப் பாக்கி இருப்பது அவ்வளவு குறைச்சல் என்பது இன்னொன்று. பேய் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது சோதனையைப் போடுங்கள். காரிக்குப் பதில் இருபத்தைந்து வயதுக்காரனை நிறுத்தினால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். அதுதான் வேண்டும்.

இது ஒரு மாதிரிதான், நீங்கள் வேறு விதி வைக்கலாம். அழிந்துபோன பழைய அரசின் கடவுச்சொல் அந்தத் தலைமுறைக்கு மட்டும் தெரியும் என்று வைக்கலாம். நடுகல்லில் பெயர் பொறித்த வீரர்களை அழைக்க முடியும், ஆனால் அவர்களோடு ஒரே சட்டியில் உண்டவன் அழைத்தால்தான் வருவார்கள் என்று வைக்கலாம், அப்போது உயிரோடு மிஞ்சியிருக்கும் கடைசிக் கிழவருக்கு எவ்வளவு பெரிய படை இருக்கிறது பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இளமை திரும்புகிற மூலிகை. கடைசி அத்தியாயத்தில் கிழவர் அதைக் குடித்து முறுக்கேறி எழுந்தால், நீங்கள் இருநூறு பக்கம் எழுதியதை நீங்களே அழித்த மாதிரி. அப்படி ஒரு மருந்து கதையில் இருந்தே ஆகவேண்டும் என்றால் அவர் அதை விற்றுச் சம்பளப் பாக்கியைக் கொடுக்கட்டும்.

எதற்காகக் கிளம்புகிறார்?

இளைஞனுக்குப் புகழ் போதும், பழிவாங்கல் போதும். அறுபத்து மூன்று வயதில் யாரும் புகழுக்காக ஈரத்தரையில் படுக்க மாட்டார்கள். காரணம் சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நிஜச் சரித்திரம் சொல்கிறேன்.

அலெக்சாந்தரின் படையில் வெள்ளிக் கேடயக்காரர்கள் என்று ஒரு பிரிவு இருந்தது. அவன் இறந்த பிறகும் அவர்கள் கலையவில்லை, அவனுடைய தளபதிகளுக்குள் நடந்த சண்டைகளில் யூமெனீஸ் என்பவன் பக்கம் நின்றார்கள். கி.மு. 316ல் இன்றைய ஈரானில், கபியேனே என்ற இடத்தில், ஆன்டிகோனஸின் படையை எதிர்த்தபோது அவர்களில் இளையவனுக்கே ஏறக்குறைய அறுபது, பலருக்கு எழுபது என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். "உங்கள் அப்பன்மாரையே எதிர்க்க வந்தீர்களா" என்று எதிர்வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார்களாம். மோதினார்கள், எதிரிக் காலாட்படை சிதறியது. கிழவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அது உப்புப் புழுதி பறக்கிற வெளி, அந்தப் புழுதி மறைப்பில் ஆன்டிகோனஸின் குதிரைப்படை சுற்றிப்போய்ப் பின்னால் இருந்த பாளையத்தைப் பிடித்துவிட்டது. அங்கேதான் அவர்களுடைய மனைவி, மக்கள், வருடக்கணக்கில் சேர்த்த சொத்து எல்லாம் இருந்தது. கிழவர்கள் என்ன செய்தார்கள்? பேரம் பேசித் தங்கள் தலைவன் யூமெனீஸைப் பிடித்துக் கொடுத்து மூட்டை முடிச்சுகளைத் திரும்ப வாங்கினார்கள். ஆன்டிகோனஸ் யூமெனீஸைக் கொன்றான். இந்தக் கிழவர்களையும் நம்பவில்லை, சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, இப்போதைய கந்தகார் பக்கம் அனுப்பி, திரும்பி வராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

இதைவிடவா கதை வேண்டும்? உலகத்தையே சுற்றி ஜெயித்தவர்கள், கடைசியில் குடும்பத்துக்கும் மூட்டைக்கும் தலைவனை விற்றார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. வயதான சிப்பாயிடம் இழக்க ஏதோ இருக்கிறது, இளைஞனிடம் இல்லாதது. உங்கள் ஆளின் மூட்டையில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். காரியின் மூட்டையில் இருப்பது பேத்தி. அவளுக்கு ஒன்பது வயது, ஆயுள் நிறைய பாக்கி, அந்தப் பேய்க்கு அவள் வாசனை நீரிணைக்கு அந்தப் பக்கம் வரை வரும். ஊரைக் காக்க வாருங்கள் என்று கோட்டைத் தலைவர் கூப்பிட்டிருந்தால் காரி கதவைச் சாத்தியிருப்பார்.

கூட்டாளிகள்

கிழவர் தனியாக அலைந்தால் கதை புலம்பலாகிவிடும். இரண்டு மூன்று பேர் போதும். ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரிக் கிழவர்களாக வைக்காதீர்கள், ஒருவர் பழைய பகையாளியாக இருக்கட்டும், ஒருவர் எதிர்ப்படையில் இருந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு பாட்டியைச் சேருங்கள். இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. 1943ல் நேதாஜி இதே சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப்பெண்கள் பலர். அவர்களும் பிறகு கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பாட்டியானவர்கள்தான். தோசை ஊற்றுகிற கை ஒரு காலத்தில் துப்பாக்கி பிடித்தது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிருக்கும் வீடுகளும் இருந்திருக்கும். மிகுபுனைவில் யாரும் சந்தேகப்படாத நாயகி வேண்டுமென்றால் சமையற்கட்டிலிருந்து கூப்பிடுங்கள்.

இளையவர் ஒருவரும் வேண்டும், முன்னே சொன்ன நாண் முடிச்சுக்காகவாவது. இங்கே மரியாதை விஷயத்தைக் கவனித்து எழுதினால் பாதி உறவு தானாக வந்துவிடும். கோட்டையின் புதுத் தளபதிக்கு இருபத்தாறு வயது. அதிகாரத்தில் மேல், காரியைப் பேர்சொல்லி 'நீ' என்று கூப்பிட உரிமை உண்டு, ஆனால் வாய் வரவில்லை. 'ஐயா' என்றால் மற்ற வீரர்கள் முன்னால் இளக்காரம். ஆகவே எதுவும் சொல்லாமல், "கிடங்குக் கணக்கு வந்ததா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்கிறான். காரியும் காற்றைப் பார்த்தே பதில் சொல்கிறார். பத்து அத்தியாயம் தள்ளி, சேற்றில் மாட்டிக்கொண்ட ராத்திரியில், அவன் வாயிலிருந்து 'பெரியப்பா' என்று வந்துவிட்டால் நீங்கள் வேறு விளக்கம் எதுவும் எழுதத் தேவையில்லை.

பேச்சும் பழைய நினைவும்

புறநானூற்று 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். மருதமரக் கிளையேறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய பையனாக இருந்தவர், இப்போது கோலை ஊன்றி நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேசுகிறார். அந்தச் 'சில சொல்' உங்களுக்குப் பாடம். கிழவர் என்றாலே நீளமாகப் பழங்கதை பேசுவார் என்று நினைத்து மூன்று பக்கத்துக்கு முன்கதையை அவர் வாயில் கொட்டாதீர்கள்.

போருக்குப் போனவர்கள் போரைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினால் அந்த ஊர்ச் சோறு எப்படியிருந்தது, மேலதிகாரி எப்படி வழுக்கி விழுந்தார், காலணி எப்படிக் கடித்தது என்றுதான் பேசுவார்கள். ஈசூன் பக்கம் ஏதாவது கோப்பிக்கடையில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், தெக்கோங் தீவுப் பயிற்சி முகாம் கதை எடுத்தால் எல்லாமே வேடிக்கைக் கதையாகத்தான் இருக்கும், ஒரு பெயர் வந்ததும் மட்டும் மேசை ஒரு கணம் சும்மா இருக்கும், அப்புறம் யாராவது இன்னொரு கோப்பி சொல்வார்கள். அந்தப் பெயரின் கதையைக் கேட்காதீர்கள். உங்கள் கதையிலும் அப்படி ஒரு பெயரை வையுங்கள், மூன்று முறை வரட்டும், ஒரே ஒருமுறை விளக்குங்கள், அதுவும் அரைகுறையாக.

இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979லிருந்து சேர்த்துவரும் பேட்டிகள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் குரலைக் கேளுங்கள். என்ன சொல்கிறார்கள் என்பதோடு எங்கே நிறுத்துகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராஞ்சி போர்க் கல்லறைக்கும் ஒருமுறை போய்வாருங்கள், கற்களில் உள்ள வயதுகளைப் படியுங்கள். பிழைத்துவந்த ஒருவர் அந்த வயதுகளைச் சுமந்துகொண்டு அறுபதைத் தாண்டினால் எப்படியிருக்கும் என்று யோசிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சண்டைக் காட்சி

சுருக்கமாக எழுதுங்கள். கிழவரின் சண்டை என்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்திய ஏற்பாடுதான். எங்கே நிற்பது, வெளிச்சம் யார் முகத்தில் விழும், தரை எங்கே வழுக்கும் என்பதில் நேரம் செலவிடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"பலகைப் பாலத்தில் மூன்றாவது பலகை இற்றுப்போனது என்று காரிக்குத் தெரியும். மாற்றச் சொல்லி இரண்டு மழைக்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நான்காவது பலகைக்கு இந்தப் பக்கம் நின்றார், ஈட்டியை ஊன்றுகோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு. வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும், தோள் அகலம். கிழவனைப் பார்த்ததும் சிரித்தான். காரி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அவன் ஓடிவந்தான். பலகை முறிந்து கால் தொடைவரை உள்ளே போனபோது அவன் முகத்தில் வலிக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. காரி ஈட்டியை ஒரே முறை நீட்டினார். பிறகு பாலத்தின் கைப்பிடியில் உட்கார்ந்தார், கை நடுக்கம் நிற்கிறவரை. 'இரண்டு மழைக்காலமாகக் கேட்கிறேன்' என்றார், யாரிடம் என்றில்லாமல்."

அவருடைய கிடங்கு வேலை, மூச்சு, ஒரே அடி, எல்லாம் இதில் இருக்கிறது. வாள் சுழற்றலே இல்லை. அடுத்த நாள் அவரால் கையைத் தூக்க முடியாது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், காயம் ஆற இளையவனைவிட நாள் அதிகம் பிடிக்கும்.

முடிவும் கடைசிச் சரிபார்ப்பும்

கிழவரைக் கடைசியில் சாகடிப்பது எல்லாருக்கும் கை போகிற இடம். அழகான தியாகம், வாசகர் கண்ணில் நீர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் கிழவர் என்பதாலேயே சாகலாம் என்று நினைத்தால் அவரை நீங்களும் அந்தப் பேய் மாதிரிதான் பார்க்கிறீர்கள். பிழைக்கவிட்டு அடுத்த நாள் காலையை எழுதிப் பாருங்கள். காரிக்குப் பண்டகசாலை வேலை இருக்கிறதா, வணிகர் பிடித்தம் போட்டாரா, பேத்தி என்ன சாப்பிட்டாள்? இந்தப் பக்கங்கள் சாவுக் காட்சியைவிட எழுதக் கஷ்டம், அதனாலேயே படிக்கவும் புதிதாக இருக்கும்.

முதல் வரைவு முடிந்ததும் முன்னே சொன்ன இருபத்தைந்து வயதுச் சோதனையை அத்தியாயம் அத்தியாயமாகப் போடுங்கள். எந்த அத்தியாயத்தில் இளைஞனும் தாக்குப்பிடிக்கிறானோ அதைத் திரும்ப எழுதுங்கள். உடம்பு பற்றிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் அத்தியாயத்தில் கெட்ட காது பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கிசுகிசுப்பைக் கேட்கிறதா என்று பாருங்கள், கட்டாயம் ஓரிடத்தில் கேட்டிருக்கும்.

பிறகு அறுபது தாண்டிய ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், முடிந்தால் சீருடை போட்டவரிடம். கதை பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகக்கூடாதென்று நல்ல வார்த்தை சொல்லிவிடுவார். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் "இந்த வயசுல யாருப்பா இப்படி ஏறுவா" என்று தோன்றியது என்று மட்டும் கேட்டு, அந்தப் பக்கத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாக அச்செடுத்துக் கொடுங்கள், பதினாறு புள்ளிக்குக் குறையாமல்.